மௌன வளாகம்

ஆசிரமப் பள்ளிக்குப் பசுமைத் திட்டம் போட்ட கட்டடக் கலைஞர் மூன்று மாதம் நிர்வாகியோடு மல்லுக்கட்டி, அறுபது மரங்களில் நாற்பதைக் காப்பாற்றினாள். தப்பித்தவறி யாரும் கைவைத்துவிடக் கூடாதென்று அந்த நாற்பதிலும் தானே சிவப்புக் கோடு போட்டாள்.

மறுவாரம் வந்தபோது, மரம் வெட்டும் மேஸ்திரி வாசலிலேயே பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

“கோடு போட்ட நாப்பதையும் நானே பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டேன் மேடம்.”

“ஒரு கீறல்கூட விழலையே?”

“கீறலா? வேரோட சாச்சாச்சு! கோடு போட்டா வெட்டணும்னுதானே எங்க தொழில்ல அர்த்தம்?”

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?”

“நீங்க கோடு போடும்போதே கேக்க வாயத் தொறந்தேன். நீங்கதான் முறைச்சு, போர்டைக் காட்டுனீங்க.”

போர்டில் இருந்தது அவளே எழுதிய வாசகம்:

‘உஷ்! இங்கே மரங்கள் மட்டுமே பேசும்.’