வழி விடாதவன்

முதலில் தப்பு செய்தவன் தைஸ்டோதான். அதில் என்சியோவுக்குச் சந்தேகமே கிடையாது.

ஆறு வருஷத்துக்கு முன்னால், குடியிருப்புப் போட்டி. வீடுகளுக்குப் பின்னால் உள்ள பைன் காட்டில் சங்கிலி தொங்கும் ஒன்பது கூடைகள். கையளவு பிளாஸ்டிக் தட்டை எறிந்து ஒவ்வொரு கூடையிலும் விழச் செய்ய வேண்டும். குறைந்த எறியில் முடித்தவனுக்குப் பரிசு. கடைசிக் கூடைக்கு என்சியோ எறிந்ததும் தைஸ்டோ வாயைத் திறந்தான்.

“கால் கோட்டைத் தாண்டிடுச்சு. ஒரு எறி கூட்டிக்கோ.”

அந்த ஒரு எறியில் என்சியோ தோற்றான். பரிசாகக் கொடுத்த காபிக் கோப்பை இன்றைக்கும் தைஸ்டோ வீட்டு ஜன்னலில், தெருவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது.

அன்றோடு பேச்சு நின்றது. ஆட்டம் நிற்கவில்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்கு என்சியோ போனால், தைஸ்டோ ஒரு கூடை முன்னால் இருப்பான். மெதுவாக ஆடுகிறவன் பின்னால் வருகிறவனுக்கு வழி விடுவதுதான் அங்கே வழக்கம். இவன் விடமாட்டான். என்சியோ எறிந்ததும்தான் அவனுக்குப் பெர்ரி பறிக்கத் தோன்றும். அவனுடைய சிவப்புத் தொப்பி புதருக்குள் குனிந்து குனிந்து எழும். காய் பிடிக்காத மே மாதத்தில்கூடப் பறிப்பான்.

“உன் வீட்டுத் தோட்டமா இது?” என்று என்சியோ உரக்கவே கேட்பான், ஒரு பைன் மரத்தைப் பார்த்து.

இரண்டு வருஷமாக என்சியோவுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. இனி சரியாகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தட்டைத் தேடி எடுக்க முடியாத நாளில் ஆட்டத்தை விட்டுவிடுவது என்று அவன் முடிவு செய்திருந்தான். இந்த இரண்டு வருஷத்தில் ஒன்றுகூடத் தொலையவில்லை. எல்லாம் பாதை ஓரமாகவே விழுந்தன. கண் போனாலும் கை போகவில்லை என்று அவனுக்குக் கொஞ்சம் கர்வம்.

இந்த வியாழக்கிழமை சிவப்புத் தொப்பியைக் காணோம். நல்லதாகப் போயிற்று என்று எறிந்தான்.

முதல் தட்டைக் கால் மணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவதும் போயிற்று. அவனிடம் இருந்ததே மூன்றுதான். மூன்றாவது கூடைப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

நாயோடு வந்தாள் பக்கத்துக் கட்டிடத்து ஹில்க்கா.

“என்ன பெரியவரே, உக்காந்துட்டீங்க?”

“ஆட்டம் முடிஞ்சுது.”

“மூணாவது கூடையிலேயா?”

“மொத்தமாவே.”

“எடுத்துப் போட ஆள் இல்லன்னா கஷ்டம்தான். தைஸ்டோவுக்கு இடுப்புல ஆபரேஷன்.”

“எதை எடுத்துப் போட?”

“உங்க தட்டைத்தான். நீங்க எறிஞ்சதும் புதருக்குள்ள பூந்து தேடி, பாதை ஓரமா போட்டுட்டுப் போவாரே. அந்த இடுப்பை வெச்சுக்கிட்டு.” அவள் நாயை இழுத்தாள். “உங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்.”

அவள் போய் வெகுநேரம் கழித்து என்சியோ போனை எடுத்தான். தைஸ்டோவின் நம்பர் மறக்கவில்லை.

“அடுத்தவன் தட்டை நகர்த்தினா ரெண்டு எறி தண்டனை. தெரியுமா?”

“தெரியும்.”

“ரெண்டு வருஷமா நகர்த்தியிருக்க.”

“ஆமா.”

“இவ்வளவு திருட்டுத்தனம் பண்றவன், அன்னிக்கு என் கால் தாண்டுச்சுன்னு சொன்ன.”

“தாண்டுச்சு, என்சியோ.”

“தாண்டல.”

“தாண்டுச்சுப்பா.”

என்சியோ பேச்சை மாற்றினான். “எப்ப நடப்ப?”

“ஆறு வாரம் ஆகும்ங்கறாங்க.”

“அதுவரைக்கும் நானும் ஆடல. ஏழாவது வாரம், வியாழக்கிழமை, பத்து மணி.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: “நீ கேக்க வேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி, அது தனி. முன்னாடியே போ. வழி மட்டும் விட்டுடாத.”