நாலு மணி வண்டி

"இன்னிக்கே போயாகணும் சார். திங்கட்கிழமைன்னா வேண்டாம்."

பூட்டிய சின்னப் பெட்டியைக் கண்ணாடி மேஜைமேல் வைத்து, அதன் பக்கத்தில் சாவியையும் வைத்தாள் அந்தப் பெண். துப்பாக்கிக் கடைக்காரர் லைல் ஹாகன் திறந்து பார்த்தார். ஒரு கைத்துப்பாக்கி. குண்டு இல்லை.

"கூரியர் ஆபீஸ்ல கேட்டீங்களா?"

"கேட்டேன். தனி ஆள்கிட்ட வாங்க மாட்டோம், லைசென்ஸ் உள்ள கடை மூலமா வான்னு துரத்திட்டாங்க."

"சரியாத்தான் சொல்லியிருக்காங்க. போற இடத்துலயும் லைசென்ஸ் உள்ள கடைதான் வாங்கணும். எந்த ஊருக்கு?"

"மெய்ன். எங்க அக்கா ஊர்ல ஒரு கடை. பேசிட்டேன்." கடை முகவரி எழுதிய சீட்டை நீட்டினாள்.

மேற்கே மொன்டானாவிலிருந்து கிழக்கே மெய்ன் மாநிலம் வரைக்கும். அமெரிக்காவின் அந்தக் கோடி.

"அவங்க லைசென்ஸ் நகல் எனக்கு வரணும்மா. வந்தாத்தான் பார்சல் கட்டுவேன். கூரியர் வண்டி நாலு மணிக்கு. டிரைவர் இருக்கானே, பொண்டாட்டி பிரசவத்துக்கே லேட்டாப் போனவன், என் கடைக்கு மட்டும் ஒரு நிமிஷம் தவற மாட்டான்."

அவள் சிரிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று இருபது.

லைல் மெய்ன் கடைக்குத் தகவல் அனுப்பிவிட்டுப் பதிவேட்டைத் திறந்தார். பெயர் கோரின் மேயோ. ஊர் அறுபது மைல் தள்ளி.

"துப்பாக்கி யாருது?"

"என்னுதுதான். அப்பா குடுத்தது."

"அங்க யார் வந்து வாங்கிக்குவாங்க?"

"யாரும் வேண்டாம்."

"பேர் போடலேன்னா அது அங்கேயே கிடக்குமே!"

"கிடக்கட்டும்."

பேனா நின்றது. லைல் அவளை நிமிர்ந்து பார்த்தார். நீலக் கோட்டின் பொத்தான்களைத் துளை மாற்றிப் போட்டிருந்தாள்.

"பத்திரமா இருக்கணும், அவ்வளவுதானே? என் இரும்புப் பெட்டியிலேயே வெச்சுக்கிறேனே."

"இந்தப் பக்கமே வேண்டாம் சார்." குரலைத் தாழ்த்தினாள். "வீட்டு ஆளுங்க யாராவது மெய்னுக்கே நேர்ல போய்க் கேட்டா குடுத்துடுவாங்களா?"

"வெளி மாநிலத்து ஆள் கையில கைத்துப்பாக்கியைக் குடுக்க முடியாது. திரும்ப இங்க ஒரு கடைக்குத்தான் அனுப்பணும். நாள் ஆகும்."

அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கைபேசி அதிர்ந்தது. திரையில் 'டுவைட்'. கவிழ்த்து வைத்தாள். மறுபடி அதிர்ந்தது. நகல் வரவில்லை. மறுபடியும் அதிர்ந்தது.

"வீட்டுக்காரரா? எடுக்கலையா?"

"எடுத்தா 'வீட்டுக்கு வா'ம்பார். நானும் போயிடுவேன்."

லைல் தயங்கினார். "அடிக்கிறாராம்மா?"

"சேச்சே. நல்ல மனுஷன் சார்."

பதினோரு வருடத்துக்கு முன்னால் அவருடைய தங்கை நாடீன், ஒரு தட்டில் ஆப்பிள் கேக் கொண்டுவந்து இதே மேஜைமேல் வைத்துவிட்டு, தன் புருஷனைப் பற்றி இதையேதான் சொன்னாள். "நல்ல மனுஷன்தான் அண்ணா, கோபம் வந்தாத்தான்." தட்டைத் திருப்பி வாங்கிப் போக அவள் வரவில்லை. அவளைச் சுட்ட துப்பாக்கியைப் பழுது பார்த்து, 'இன்னும் சரியாகல' என்று ஒரு பொய் சொல்லாமல், அந்த நல்ல மனுஷன் கையில் கொடுத்தது லைல்தான்.

"உங்க காரைக் கடைக்குப் பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்துங்கம்மா. ரோட்ல போறவங்க கண்ணுல பட வேண்டாம். பின்கதவு திறந்துதான் இருக்கு."

அவள் வெளியே போகும்போது மணி மூன்று ஐம்பது. கதவு சாத்திய சத்தம் அடங்குமுன் ஃபாக்ஸ் இயந்திரம் முனகி, மெய்ன் கடையின் லைசென்ஸ் நகலைத் துப்பியது. லைல் பரபரவென்று கட்டினார். உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே ஓர் எழுத்துகூட இல்லாத வெறும் அட்டைப்பெட்டி. முகவரியை ஒட்டி, விரலால் அழுத்தித் தேய்த்தார்.

வாசல் சரளைக்கல்லில் ஒரு வண்டி கிறீச்சிட்டு நின்றது.

உள்ளே வந்தவன் வாசல் நிலையை அடைக்கும் உருவம். டிசம்பர் குளிரில் மேல்கோட்டு இல்லை. பூட்ஸ் கயிறு அவிழ்ந்து தரையில் இழுபட்டது. தலைமுடி குளித்த ஈரத்தோடு சீவாமல் காய்ந்து சிலிர்த்திருந்தது. லைல் அட்டைப்பெட்டியைக் கீழே இறக்கி, காலால் மேஜைக்கு அடியில் தள்ளினார்.

"இங்க ஒரு பொம்பளை வந்தாளா? நீலக் கோட்டு. கையில சின்னப் பெட்டி."

"நீங்க யாரு?"

"அவ புருஷன். மூணு கடை ஏறி இறங்கிட்டேன். வந்தாளா, இல்லையா? சொல்லித் தொலையுங்க!"

லைலின் வலது கை மேஜை இழுப்பறையைத் தேடியது. அதற்குள் அவருடைய சொந்தத் துப்பாக்கி இருந்தது. பதினோரு வருடத்துக்கு முன்னால் சொல்லத் தவறிய பொய்யை இப்போது சொன்னார்.

"இன்னிக்குப் பொம்பளை யாரும் வரல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. துப்பாக்கியை விக்கவோ அனுப்பவோ..."

"காலையிலேருந்து நான்தான் நிக்கிறேன். யாரும் வரல. இடத்தைக் காலி பண்ணுங்க."

அவன் மேஜையை நோக்கி ஓர் அடி வைத்தான். லைல் இழுப்பறையைத் திறந்தார்.

இரண்டாவது அடி விழவில்லை. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அப்போ துப்பாக்கி அவகிட்டதான் இருக்கு," என்றான். "பையனைப் புதைச்ச நாள்லேருந்து அவளை ஒரு நிமிஷம் தனியா விட்டதில்ல. நாளன்னிக்கு அவன் பொறந்த நாள், இருந்திருந்தா பத்தொன்பது வயசு... ஐயோ, பத்து நிமிஷம் குளிக்கப் போனேனே..."

பின்கதவு திறந்தது.

"என்கிட்ட இல்ல, டுவைட்," என்றாள் கோரின். "எனக்கு எட்டாத தூரத்துக்கு அனுப்புறேன்."

லைல் இழுப்பறையைச் சத்தமில்லாமல் மூடினார். வாசலில் நாலு மணி வண்டி, என்றும்போல, ஒரு நிமிடமும் தவறாமல் வந்து நின்றது.