டாங்கியில் தண்ணீர்

கராஜில் ஃபாஸில் நானா எங்கள் பைக்கின் காபரேட்டர் அடிக்கிண்ணத்தைக் கழற்றி, அதில் இருந்ததை ஒரு போத்தல் மூடியில் ஊற்றி என் புருஷனிடம் நீட்டினார்.

"பெற்றோல் இல்ல கணேஸ் தம்பி. பாதி தண்ணி."

கணேஸுக்கு முகம் சிவந்துவிட்டது. சந்தியில் இருக்கிற பெற்றோல் செட்டில்தான் எப்போதும் அடிப்பார். இன்றைக்கு அவன்களை உண்டு இல்லை என்று ஆக்குகிறேன் என்று கத்திக்கொண்டு வீதியில் இறங்கிப் போனார்.

ஒரே மாதத்தில் பைக் நின்றது இது மூன்றாவது தடவை. இரண்டு தடவை ஹந்தானை ஏற்றத்தில் நின்றது. நேற்று பேராதனை வீதியின் நடுவில், பின்னால் பார்சல் பெட்டியோடு நின்றது; லொறியில் ஏற்றித்தான் வீட்டுக்கு வந்தது. இன்னொரு நாள் நின்றால் வர வேண்டாம் என்று பார்சல் கம்பனியில் சொல்லிவிட்டார்கள். அங்கே சொந்த பைக் ஓடினால்தான் வேலை.

இன்று காலை நாங்கள் இருக்கிற தேயிலைத் தோட்டத்திலிருந்து கண்டிக்கு, இறக்கம் முழுக்க இருவருமாக அதை உருட்டிக்கொண்டு வந்தோம். வித்துத் தொலையுங்கள் என்று நான் வழியெல்லாம் சொன்னேன். திருத்தினால் இன்னும் பத்து வருஷம் ஓடும் என்று அவர் வழியெல்லாம் சொன்னார். சரிவராவிட்டால் தானே விலைக்கு எடுத்துக்கொள்வதாக ஃபாஸில் நானா போனிலேயே சொல்லியிருந்தார்.

அந்த பைக்கைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருஷம் மாமிக்கு, அவருடைய அம்மாவுக்கு, வயதாகித் தோட்டத்து வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிய வேண்டும், இல்லாவிட்டால் லயத்தில் நாங்கள் இருக்கிற காம்பராவைக் காலி செய்ய வேண்டும் என்றார்கள். கணேஸுக்குத்தான் பைக் வேலை இருக்கிறதே. அதனால் என் பேரைப் பதிந்தார்கள். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உயர்தர வகுப்பு வரை படித்தவள் நான். கொம்பியூட்டர் கோர்ஸும் முடித்தவள். பதினொரு மாதமாகக் கொழுந்து எடுக்கிறேன். நிறை குறைந்தால் அரைநாள் பேர், அரைச் சம்பளம். நாலரை வரைக்கும் அட்டைக்கடியும் கங்காணியின் ஏச்சும். ஆம்பிளைகளுக்கு என்ன, செடிகளைக் கவ்வாத்து வெட்டிவிட்டுப் பகல் ஒரு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடலாம்.

கண்டியில் ஒரு கிளினிக்கில் நோயாளிகளுக்கு நம்பர் கொடுக்கும் வேலைக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நாளைக்குப் போகாவிட்டால் வேறு ஆளை எடுத்துவிடுவார்கள். பஸ்ஸிலேயே போய் வரலாம். நீங்கள் பேர் பதியுங்கள், நான் போகிறேன் என்று கணேஸிடம் கேட்டேன், கெஞ்சினேன், சண்டையும் போட்டேன்.

பைக் ஓடுகிற வரைக்கும் கொழுந்து மலையில் கால் வைக்க மாட்டேன் என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே அதன் பெற்றோல் டாங்கியை என் பழைய சட்டைத் துணியால் துடைத்தார்.

ஃபாஸில் நானா காபரேட்டரை ஊதிக் கழுவினார். பெரிய வேலை ஒன்றுமில்லை, அரை மணித்தியாலத்தில் சரியாகிவிடும், நல்ல பைக், விற்க வேண்டாம் என்றார். நல்ல செய்தி சொல்கிறாராம். எனக்கு அந்தச் சாவிக் கொத்தைப் பிடுங்கி வீதியில் எறிய வேண்டும் போலிருந்தது.

பிறகு டாங்கியில் மிச்சம் இருப்பதையும் பார்த்துவிடலாம் என்று, வெட்டிய பிளாஸ்டிக் போத்தல் ஒன்றில் அதை வடித்தார்.

மேலே பெற்றோல் நின்றது. அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றது. சிவப்பாக இருந்தது. அதற்கும் அடியில் கறுப்பாகத் தூள் படிந்திருந்தது.

அவர் போத்தலைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, செட்டுல தண்ணி கலந்தாலும் கலப்பாங்க. பிளேன்டீ கலக்க மாட்டாங்க."



மூன்று தடவையும் நான்தான் டாங்கியில் ஊற்றினேன். விடிந்ததும் மலைக்குப் புறப்படும்போது கையில் பால் விடாத தேத்தண்ணிப் போத்தல் இருக்கும், பைக் சாவி கதவோரத்து ஆணியில் தொங்கும். கணேஸ் உள்ளே சவரம் செய்துகொண்டிருப்பார். முதல் தடவை அவசரத்தில் பாதி வெளியே சிந்தியது. மூன்றாவது தடவை ஒரு சொட்டும் சிந்தவில்லை.

ஃபாஸில் நானா வாசலைப் பார்த்துக்கொண்டு போத்தலைச் சாக்கடைக் கானுக்குள் கவிழ்க்கப் போனார். தான் ஒன்றும் காணவில்லை என்றார். நல்ல மனுஷன்தான். ஆனால் அந்த இரக்கம்தான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. இவர் மறைத்துவிடுவார், பைக் ஓடும், நாளைக்கு விடிந்ததும் நான் மறுபடியும் கூடையைத் தலையில் மாட்ட வேண்டும். எல்லோருக்கும் நல்லபடியாக முடிந்துவிடும், என்னைத் தவிர.

அவர் கையிலிருந்து போத்தலைப் பறித்துக்கொண்டேன்.

கணேஸ் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். சாட்சி இருக்கிறதா என்று செட்டுக்காரன் கேட்டானாம், கேட்டுவிட்டுச் சிரித்தானாம். அவர் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடையிலிருந்தும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

போத்தலை அவர் கையில் கொடுத்தேன்.

வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அடியில் இருந்ததைப் பார்த்தார். போத்தலைச் சுழற்றினார், அடியில் தூள் கிளம்பியது. 

"என்னது இது?"

"நான் மலைக்குக் கொண்டு போறது" என்றேன். "நாளையிலருந்து நீங்க கொண்டு போங்க."