பவுடர் நின்ற இடம்

அப்பா விட்டுப்போன பழைய மோட்டார் சைக்கிளில் எண்ணெய் எங்கே ஒழுகுகிறது என்று அக்காவுக்குப் பிடிபடவே இல்லை.

"இன்னிக்கும் நிக்கலேன்னா நாளைக்குக் காயலாங்கடைதான்க்கா," என்றான் தம்பி.

"வாயை மூடிட்டு அந்த டப்பாவை எடுடா."

எஞ்சினைத் துடைத்து முகப்பவுடர் தூவி ஓடவிட்டாள். கசிகிற இடத்தில் வெள்ளைமேல் கறுப்புக் கோடு விழ வேண்டும். விழவில்லை. விடுவாளா? எஞ்சினையே கழற்றி மேசைமேல் ஏற்றிவிட்டாள்.

அப்போதும் பாருங்களேன், வண்டிக்கடியில் சொட்டென்று எண்ணெய் விழுந்தது. தொட்டால் சுட்டது.

எஞ்சின் இருந்த வெற்றிடத்தில் அக்கா பவுடரை அள்ளித் தூவினாள். அது கீழே விழவில்லை. எஞ்சினின் வடிவத்தில் அப்படியே படிந்து நின்றது. இடது ஓரத்தில் கறுப்புக் கோடு ஒன்று மெல்ல இறங்கியது.

"அப்பாடா, அங்கதானா!" என்று அக்கா ஸ்பேனரை எடுத்தாள்.