ஆறாவது சந்திரன்

ஐந்து சந்திரன்கள் உலாவும் ஒரு வானம் இருந்தது. பல்லி சொன்னால் பலிக்கும் என்று அங்கேயும் நம்பினார்கள். அதனால் வானத்தில் இருப்பவற்றை வகை பிரிக்கும் வேலையைப் பல்லியிடம் கொடுத்திருந்தார்கள்.

பல்லியிடம் ஒரே விதிதான். வால் இருந்தால் பிராணி, இல்லாவிட்டால் சந்திரன். அதைப் பதிவேட்டில் எழுத ஒரு கரப்பான்பூச்சி குமாஸ்தாவாக இருந்தது. முன்பிருந்த மூன்று குமாஸ்தாக்களையும் பல்லி தின்றுவிட்டது என்பது அதற்குத் தெரியும்.

ஒருநாள் வால்நட்சத்திரம் ஒன்று இறங்கி வந்தது.

"ஐயா, என்னைப் பிராணின்னு எழுதியிருக்கீங்க. நான் ஒரு வாய் புல்லுகூடத் தின்னதில்லை."

"வால் இருக்குல்ல? அப்ப பிராணிதான். கிளம்பு," என்றது பல்லி.

வால்நட்சத்திரம் கோபத்தில் வெடுக்கென்று திரும்பியது. அதன் வால் மேஜையில் பட்ட வேகத்தில், பல்லி பயந்துபோய்த் தன் வாலை அங்கேயே விட்டுவிட்டுச் சுவரில் ஏறிக்கொண்டது.

மேஜைமேல் துடித்துக்கொண்டிருந்த வாலைத் தள்ளி வைத்துவிட்டு, கரப்பான் பதிவேட்டைப் பிரித்தது.

"ஐயாவுக்கு இப்ப வால் இல்லை. ஆறாவது சந்திரன்னு எழுதிடட்டுங்களா?"

பல்லி யோசித்தது. விதியை மாற்றினால் இதுவரை எழுதியதெல்லாம் தப்பாகிவிடும்.

"எழுது," என்றது.

'ஆறாவது சந்திரன். வெளிச்சம் இன்னும் வந்து சேரவில்லை' என்று கரப்பான் எழுதியது. பிறகு பேனாவை வைத்துவிட்டு, பல்லியின் மூக்குக்கு நேராக நிதானமாக நடந்தது.

பல்லி வாயைத் திறந்தது.

"சந்திரன் பூச்சி தின்னு யாரும் பார்த்ததில்லைங்க ஐயா," என்றது கரப்பான்.

பல்லி வாயை மூடிக்கொண்டது.