ஹாரன்மேல் வைத்த கை

பொழுது சாய்ந்தும் த்வாண்டே சாலையின் தார் ஆறவில்லை. அந்தச் சூட்டுக்கு வயலிலிருந்து விரியன்கள் ஏறி வந்து படுக்கும் என்று சொல்லித்தான் கோதண்டம் வண்டியை வாடகைக்குப் பிடித்திருக்கிறார். விஷமுறிவு மருந்துக்குப் பாம்பு பிடிப்பவராம். மீராசா மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டுகிறான். முன்விளக்கின் மஞ்சளில் தவளைகள்தான் துள்ளுகின்றன, பாம்பைக் காணோம். கோதண்டத்தின் டார்ச்சோ சாலையை விட்டுவிட்டு ஓரத்து மூங்கில் வீடுகள்மேல் ஊர்கிறது. "அந்த வீட்ல யாரு பாய் இருக்கா? வெளக்கே இல்ல." மீராசாவின் உள்ளங்கை ஸ்டியரிங்கில் வழுக்குகிறது. ராணுவ ஆட்சிக்கு எதிரான ஊர்வலத்தில் கொடி பிடித்த அவன் தம்பி அங்கேதான் ஒளிந்திருக்கிறான். போன மாதம் டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தவர்களை ராணுவத்திடம் பிடித்துக் கொடுத்தவனும் இப்படித்தான் நயமாகத் தமிழ் பேசினான். "தெரியாதுண்ணே." "செத்த நிறுத்துங்க." சாக்கும் கவைக்கோலுமாக இறங்கிய கோதண்டம் அந்த வீட்டை நோக்கியே நடக்கிறார். டார்ச் வெளிச்சம் வாழைக்குப் பின்னால் மறைகிறது. செருப்புச் சத்தமும் நின்றுவிடுகிறது. மீராசாவின் கை ஹாரன்மேல் இருக்கிறது. அடித்தால் தம்பி பின்பக்கமாக ஓடிவிடுவான். அடித்தால் இந்த ஆளுக்கும் எல்லாம் விளங்கிவிடும். அழுத்தாமலும் எடுக்காமலும் இருக்கிறான். வண்டிக் கதவு திறக்கிறது. கோதண்டம் வாய் கட்டிய சாக்கை இருவர் காலுக்கும் நடுவில் இறக்குகிறார். "ஆளில்லாத வீடுன்னா எலி சேரும் பாய். எலிக்கு இது வரும்." சாக்குக்குள் கண்ணாடி விரியன் கொல்லன் துருத்திபோலச் சீறுகிறது. மீராசா கைலி நுனியால் முகத்தைத் துடைக்கிறான். "என்ன பாய், பயமா இருக்கா?" "இப்ப இல்லண்ணே."