யார் வீட்டுக்கு?

"'யாரு வீட்டுக்குய்யா போகணும்?'னு மரியாதையாத்தான் கேட்டேன். ஹெல்மெட்டக் கழட்டிட்டு, 'சிவபாண்டி மாப்ள'ங்கிறான்! என் வயசென்ன, அவன் வயசென்ன? என்னையப் போயி மாப்ளங்கிறான்!"

முத்துக்குமரன் சொல்லி முடிப்பதற்குள் மொட்டை மாடியில் சிரிப்பு கிளம்பிவிட்டது.

விளாங்குடியில் அந்தத் தெருக்காரர்களின் சங்கக் கூட்டம் அது. பக்கத்துத் தெருவில் ஒரு பெண்ணின் சங்கிலியை யாரோ அறுத்துக்கொண்டு ஓடிய பிறகு, சாயங்காலமானால் வீட்டுக்கு ஒருவர் முறை வைத்துத் தெருமுனையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். புது ஆள் யார் வந்தாலும், யார் வீட்டுக்கு என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக முடியும். நேற்று முத்துக்குமரனின் முறை.

"அவன் பேரு சிவபாண்டி. உங்கள மாப்ளன்னுட்டான். இதுக்குப் போயி ஏண்ணே குதிக்கிறீங்க?" என்றார் எதிர்வீட்டு ராமக்காள். "மதுரையில கண்டக்டரு கூடத்தான் ஏறுறவன எல்லாம் மாப்ளங்கிறாரு."

"ஒன்னைய யாராச்சும் அப்படிக் கூப்பிட்டாத் தெரியும்."

"சரி மாப்ள, விடு. அப்புறம் என்னாச்சு?" என்று கேட்டார் சங்கச் செயலாளர் சிவபாண்டி. கூட்டம் நடப்பது அவர் வீட்டு மாடியில்தான். அவருடைய மகள் தமிழ்வாணி காகிதக் கோப்பைகளில் டீ கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"என்னாச்சா? 'சிவபாண்டின்னா எங்க செயலாளரு ஒருத்தர்தான். நீ எந்த ஊரு சிவபாண்டிடா?'ன்னேன். திருதிருன்னு முழிச்சான். கையில ஒரு பை நெறைய ஆப்பிள் வேற. 'மயக்க மருந்து ஏத்திக் கொண்டாந்தியாடா?'ன்னு கம்ப எடுத்தேன். வண்டியத் திருப்புனவன்தான், திரும்பியே பாக்கல."

"ஆப்பிளையாவது வாங்கி வச்சிருக்கலாம்ல?" என்றார் ராமக்காள்.

மறுபடி சிரிப்பு. தலைவர் நல்லகாமன் மட்டும் சிரிக்கவில்லை. யோசித்துக்கொண்டிருந்தார்.

"இருங்கப்பா. அவன் தன் பேரு சிவபாண்டின்னு சொன்னானா? இல்ல, சிவபாண்டியோட மாப்ளன்னு சொன்னானா?"

எல்லாரும் சிவபாண்டியைப் பார்த்தார்கள். பிறகு, பார்க்காததுபோல, தமிழ்வாணியைப் பார்த்தார்கள். சிவபாண்டிக்கு அவள் ஒரே பிள்ளை. இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

வந்தவன் யார் என்று தமிழ்வாணிக்குப் புரிந்துவிட்டது.

விக்ரம். கோச்சடைக்காரன். நேற்று மாலையிலிருந்து அவள் அழைத்தால் எடுக்கவில்லை. அவள் வேலையில் இருந்த நேரத்தில் அவன் ஏன் இங்கே வந்தான்?

அம்மா போன பிறகு அப்பாவிடம் அவள் மறைத்த ஒரே விஷயம் அவன்தான். ஒவ்வொரு நாளும் சாப்பாடு போடும்போது சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். "ரசம் ஊத்தவாப்பா?" என்றுதான் வாயில் வரும். அந்த விஷயம் இப்படி, தெருவே கூடியிருக்கும் இடத்தில் வெளிப்பட்டால் அப்பா இனி எப்படி நிமிர்ந்து நடப்பார்?

"அப்படியா சொல்லியிருக்கான்!" முத்துக்குமரனின் கோபம் இப்போது வேறு பக்கம் திரும்பியது. "வயசுப்பிள்ள இருக்குற வீட்டுக்கு மாப்ளயாமா? எம்புட்டுக் கொழுப்பு இருக்கணும்! சும்மா விடுவேனா, போட்டோ எடுத்து வச்சிருக்கேன். ஸ்டேஷன்ல குடுத்துருவோம். வாட்ஸப் குரூப்புலயும் போட்ருவோம்."

அவருடைய போன் நாற்காலி நாற்காலியாகக் கை மாறியது.

"பய லட்சணமாத்தான் இருக்கான்" என்றார் ராமக்காள்.

"நீ என்ன மாப்ளயா பாக்கப் போற? தள்ளி விடு" என்றார் முத்துக்குமரன்.

நல்லகாமன் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "படிச்ச பிள்ள மாதிரி இருக்கான்."

"இப்பல்லாம் படிச்சவந்தாண்ணே இந்த வேலை பாக்குறான்."

போன் சிவபாண்டியின் கைக்கு வந்தது. அவர் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னண்ணே, இந்த மூஞ்சிய எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?" என்றார் முத்துக்குமரன். "நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. இப்பவே போலீசுக்குப் போறேன்."

தமிழ்வாணி தட்டைத் தரையில் வைத்தாள். சங்கக் கூட்டத்தில் அவள் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. தெருவில் யாராவது நலம் விசாரித்தால் தலையாட்டிவிட்டுப் போகிறவள்.

"போலீசுக்கெல்லாம் போகாதீங்க மாமா" என்றாள். "அவரு திருடன் இல்ல. அவர எனக்குத் தெரியும்... அப்பா, நான் உங்ககிட்ட சொல்லணும்னுதான்..."

ராமக்காள் கையிலிருந்த டீயைக் குடிக்கவும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

சிவபாண்டி போனை முத்துக்குமரனிடம் திருப்பிக் கொடுத்தார். எழுந்து வந்து மகளின் பக்கத்தில் நின்றார்.

"இதச் சொல்லத்தான் இம்புட்டு நாளாம்மா?" என்றார்.

பிறகு முத்துக்குமரன் பக்கம் திரும்பினார். "மாப்ள, இவ போன்ல பேசுறது என் காதுல விழாமலா இருக்கும்? இவ வாயத் தொறக்க மாட்டான்னு தெரிஞ்சுதான், நேத்து அந்தத் தம்பிய நானே வீட்டுக்கு வரச் சொன்னேன். தெருமுனையில மறிச்சா 'சிவபாண்டி வீட்டு மாப்ள'ன்னு சொல்லுங்க, விட்ருவாங்கன்னு சொல்லியும் குடுத்தேன். பதட்டத்துல 'வீட்டு'ங்கிறத மட்டும் முழுங்கிட்டாரு போல!"